ஜாம் போத்தலில் வைத்த மீன் புழு

மீனின் வயிற்றைக் கீறியதும், அது குடல்தான் என்று முதலில் நினைத்தேன்.

தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவின் பின்பக்கத்தில் துணி துவைக்கும் கல் ஒன்று இருக்கிறது. அதன் பக்கத்தில் குந்தியிருந்தேன். காலைப் பனி இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது. தண்ணீர் பட்டுப் பட்டு விரல்கள் மரத்துப்போய், கத்தி கையில் இருப்பதே தெரியவில்லை. மீன் வழுக்காமல் இருக்க அடுப்புச் சாம்பலைக் கையில் பூசியிருந்தேன்.

செவுளுக்குக் கீழே, நெஞ்சுப் பக்கமாக, வெந்த சேமியாவை உருட்டி வைத்தது போல ஒன்று இருந்தது. மஞ்சள் கலந்த வெள்ளை. கத்தி முனையால் இழுத்தேன். உருண்டை அவிழ்ந்தது. பிறகு அதுவாகவே கத்தியைச் சுற்றிக்கொண்டது.

நான் சத்தம் போடவில்லை. சத்தம் போடும் பழக்கம் எனக்கு இல்லை. கத்தியை வாளித் தண்ணீருக்குள் போட்டுவிட்டு, யாராவது பார்த்தார்களா என்றுதான் முதலில் திரும்பிப் பார்த்தேன்.

யாரும் இல்லை. உள்ளே பதினொரு பிள்ளைகள் தட்டைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். அன்று மீன் என்று அவர்களுக்குத் தெரியும். காலையில் வேலு அண்ணன் இரண்டு மீனையும் வாலைப் பிடித்துத் தூக்கிக் காட்டிவிட்டுப் போயிருந்தார்.

இரண்டாவது மீனையும் கீறினேன். அதிலும் இருந்தது. இரண்டு மீனையும் வேலியோரத்தில் குழி தோண்டிப் புதைத்தேன்; வாளியில் கிடந்த புழுவை மட்டும் ஒரு போத்தலில் எடுத்து வைத்துவிட்டு, பருப்பை அடுப்பில் ஏற்றினேன்.

"ஆயாம்மா, மீனு எங்க?" என்று ஒரு குட்டி கேட்டாள்.

"ஓடிருச்சு."

"கண்ணு மூடிக்கிட்டுல்ல இருந்துச்சு? எப்படி ஓடும்?"

மீன் கண்ணை மூடாது என்று சொல்லியிருக்கலாம். அதைக்கூடச் சொல்லவில்லை.

ஜப்பான் மீன்

பிள்ளைக்காம்பராவில் நான் வேலைக்குச் சேர்ந்த கதையைப் போன வாரம் இந்தப் பத்திரிகையில் எழுதியிருந்தேன். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் காலையில் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போவார்கள். பால் கலக்கிக் கொடுத்து, சோறு ஊட்டி, தூங்க வைத்து, மூக்குத் துடைத்து, மாலையில் திருப்பிக் கொடுப்பது என் வேலை. பெரியவர்களோடு அதிகம் பேச வேண்டியதில்லை. அதனாலேயே அந்த வேலை எனக்குப் பிடித்தது.

வேலு அண்ணன் என் கூடப் பிறந்தவர். தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் எனக்குப் பக்கத்துக் காம்பராவில் குடியிருந்தார். தேயிலைச் செடியைக் கத்தரித்துக் கவ்வாத்து வெட்டுவதில் எங்கள் டிவிசனில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. ஒரு மழை நாளில் கவ்வாத்துக் கத்தி நழுவி இடது கையில் இறங்கியது. இரண்டு விரல்கள் அதன் பிறகு மடங்கவில்லை. மடங்காத கைக்குத் தோட்டத்தில் வேலை இல்லை. கொஞ்ச காலம் இலேசான வேலை என்று எதையோ கொடுத்தார்கள். பிறகு அதுவும் இல்லை என்றார்கள்.

எங்கள் கீழ் டிவிசனின் தேயிலை முடியும் இடத்தில் நீர்த்தேக்கம் தொடங்குகிறது. பொகவந்தலாவைக்குப் போகும் பஸ்ஸிலிருந்து பார்த்தால் அழகாக இருக்கும். ஆட்கள் இறங்கிப் படம் எடுப்பார்கள். நாங்கள் அதை டேம் என்போம். அண்ணன் ஒரு லொறி டியூப்பில் காற்றடித்து, அதன் மேல் இரண்டு பலகையைக் கட்டி, அதில் குந்திக்கொண்டு வலை போடக் கற்றுக்கொண்டார். மடங்காத விரலில் வலைக் கயிற்றைக் கொக்கி போல மாட்டிக்கொள்வார்.

"தோட்டத்துக்கு ஆகாத விரலு, மீனுக்கு ஆகுது பாத்தியா" என்பார்.

அவர் பிடித்தது பெரும்பாலும் திலாப்பியா. எங்கள் பக்கம் ஜப்பான் மீன் என்றும் சொல்வார்கள். ஆனால் அந்த மீனை எங்கள் ஆட்கள் சாப்பிட மாட்டார்கள். எங்களுக்கு மீன் என்றால் கருவாடு, நெத்தலி, தீபாவளிக்கு ஒரு டின் மீன். டேம் மீனில் சேற்று வாடை அடிக்கும் என்பார்கள். அதோடு, டேமில் விழுந்து செத்தவர்கள் எத்தனை பேர், அந்தத் தண்ணீரில் வளர்ந்த மீனை வாயில் வைப்பதா என்றும் சொல்வார்கள்.

பிறகு நாட்டுக்கே அந்தக் கஷ்ட காலம் வந்தது. காஸ் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, பால்மா இல்லை. டின் மீனைக் கடையில் கண்ணால் பார்ப்பதோடு சரி. பிள்ளைக்காம்பராவுக்கு வந்துகொண்டிருந்த முட்டையும் நின்றது. அப்போதுதான் அண்ணனின் மீனை ஆட்கள் வாங்கத் தொடங்கினார்கள். கொரக்காப் புளி கொஞ்சம் கூடப் போட்டால் சேற்று வாடை தெரியாது என்று கண்டுபிடித்தார்கள்.

"வயிறு காஞ்சா சேத்து வாடையும் போயிரும், பேய்ப் பயமும் போயிரும்" என்று அண்ணி சிரித்தார். அண்ணி ராஜேஸ்வரி மலையில் கொழுந்து பறிக்கிறவர். பேச்சில் யாரும் அவரை வெல்ல முடியாது.

வலை எடுத்த நாளெல்லாம் அண்ணன் முதல் இரண்டு மீனைப் பிள்ளைகளுக்கு என்று கொண்டுவந்து கொடுப்பார். எனக்கும் ஒரு கேலி இருக்கும்.

"ஏ பாக்கியம், தலைய நீ எடுத்துக்க. செத்த மீனு கூட வாயத் தொறந்து வச்சிருக்கு. அதப் பாத்தாவது நீயும் தொற."

உள்ளேன் ஐயா

இந்த வாய் சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இடாப்புக் கூப்பிடும்போது "உள்ளேன் ஐயா" என்று சொல்ல வேண்டும். என் முறை வரும்போது தொண்டை அடைத்துக்கொள்ளும். சொல்வேன், ஆனால் எனக்கே கேட்காது. ஐயா தலை நிமிராமல் வரவில்லை என்று கோடு போட்டுவிட்டு அடுத்த பேரைக் கூப்பிடுவார். நான் முதல் வாங்கில் உட்கார்ந்திருப்பேன். வருட முடிவில் அதிக நாள் வராத பிள்ளை என்று என் அம்மாவைக் கூப்பிட்டனுப்பினார்கள். ஒரு நாள் கூட நான் பள்ளிக்கூடம் போகாமல் நிற்கவில்லை என்று அம்மாவுக்குத் தெரியும். அம்மாவும் என்னைப் போலத்தான். பேசாமல் கேட்டுக்கொண்டு வந்தார்.

சாதாரண தரப் பரீட்சை வரை அப்படியே போனேன். எழுத்து வந்தது. வாய் வரவில்லை.

மருந்துக் காம்பரா ஜன்னல்

புழுவை ஏன் போத்தலில் போட்டேன் என்று சொல்ல வேண்டும்.

எங்கள் லயத்துக்குத் தண்ணீர் மேட்டில் உள்ள ஒரு சீமெந்துத் தொட்டியிலிருந்து குழாயில் வருகிறது. தொட்டிக்கு மேலே இன்னொரு லயம். அந்த லயத்துக் கக்கூஸ் குழிகள் இடிந்து வெகுகாலம் ஆகிறது. மழை பிடித்தால் குழி நிரம்பிக் கீழே வழியும். கீழே தொட்டி. இதைப் புரிந்துகொள்ள யாருக்கும் படிப்பு வேண்டியதில்லை.

எங்கள் பிள்ளைகளுக்குக் கை கால் குச்சியாகவும் வயிறு பானையாகவும் இருக்கும். பிள்ளைக்காம்பராவில் தூங்கும்போது பல்லைக் கடிக்கும். வெளிக்குப் போனால் பூச்சி விழும்.

தோட்டத்து மருந்துக் காம்பராவில் ஒரு மருந்தையா இருந்தார். வாயால் சொன்னால் பூச்சி மருந்து தரமாட்டார். "பூச்சியக் கொண்டா. கண்ணால பாத்தாத்தான் மருந்து" என்பார். அதனால் தாய்மார் பிள்ளைக்கு விழுந்த பூச்சியைப் போத்தலில் போட்டு எடுத்துக்கொண்டு போவார்கள். யோகட் கோப்பை, மருந்துப் போத்தல், தீப்பெட்டி, எது கிடைக்கிறதோ அது. ஜன்னலில் வரிசையாக வைத்துவிட்டு நிற்பார்கள். ஐயா ஒவ்வொன்றாகப் பார்ப்பார், மாத்திரை கொடுப்பார், பூச்சியைப் பின்பக்கம் கொட்டச் சொல்வார். எத்தனை வருடங்களாக எத்தனை போத்தல்கள்! ஒன்றைக் கூட யாரும் எடுத்து வைத்ததில்லை.

எங்கள் லயத்தில் லெச்சுமி என்று ஒருத்தி இருக்கிறாள். அவள்தான் தாய்மாரிடம் கையெழுத்து வாங்கி, தண்ணீரும் கக்கூஸும் சரிசெய்து தரும்படி ஆபீசுக்குக் கடிதம் கொடுத்தாள். பதில் இல்லை. டவுனில் உள்ள சுகாதார அதிகாரிக்கும் ஒன்று அனுப்பினாள். அதற்கும் அப்போது பதில் இல்லை.

நானும் எல்லாரையும் போலத்தான் செய்தேன். வாயால் சொல்லத் தெரியாதவளுக்குப் பொருளைக் காட்டுவது சுலபம். பிள்ளைக்காம்பராவில் முடிந்துபோன ஜாம் போத்தல் ஒன்றைக் கழுவி, உப்புத் தண்ணீர் ஊற்றி, புழுவை அதில் போட்டு, சேலைத் தலைப்புக்குள் மறைத்து எடுத்துக்கொண்டு போனேன்.

"எந்தப் புள்ளைக்கு?" என்றார் மருந்தையா.

"புள்ளைக்கு இல்லீங்க ஐயா. மீனு."

"என்னது? மீனுக்கும் மருந்து கேக்குறியா நீ?"

வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். எனக்கு முகம் காந்தியது. ஆனாலும் நின்றேன். பதினொரு பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொடுப்பவள் நான்.

ஐயா போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது மீன்ல இருக்கிற புழு. ஏரி மீன்ல ஒண்ணு ரெண்டுல இருக்கத்தான் செய்யும். நெஞ்சுப் பக்கத்தையும் குடலையும் எடுத்து வீசிட்டு, நல்லாக் கழுவி, நல்லாக் கொதிக்க விட்டு வேக வையி. ஒண்ணும் பண்ணாது. பச்சையாவா திங்கப் போறீங்க?"

"புள்ளைங்களுக்குக் குடுக்கலாங்களா ஐயா?"

"குடு, குடு. நீ குடுக்கிற பருப்புத் தண்ணிய விட அது எவ்வளவோ மேலு."

"புள்ளைங்களுக்கு விழுவுதே, அது…"

"அது வேற, இது வேற. அது மண்ணுல, தண்ணியில வர்றது. சரி, நகரு. அடுத்த ஆளு."

போத்தலில் இருந்த உப்புத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, அதில் ஸ்பிரிட் ஊற்றித் தன் மேசை மேல் வைத்துக்கொண்டார். பார்க்க நன்றாக இருந்தது போலும். போத்தலைத் திருப்பித் தாருங்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. வந்துவிட்டேன்.

அண்ணன் கேட்டது

அன்று மாலை அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணனிடம் மட்டும் எனக்குப் பேச வரும்.

அவர் வலையின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தார். ஊசியை நிறுத்தினார்.

"நானும் பாத்திருக்கேன் புள்ள. சிலதுல இருக்கும். கண்டா எடுத்து எறிஞ்சிருவேன். முழு மீனா வாங்கிட்டுப் போறவங்களுக்கு நான் வகுந்து காட்ட முடியுமா?"

"ஐயா ஒண்ணும் பண்ணாதுன்னு சொல்லிட்டாருண்ணே."

"அப்படியா சொன்னாரு?" அவர் முகம் தெளிந்தது. "அப்ப ஒரு வேல செய். நாளப்பின்ன எவனாச்சும் புழுவப் பாத்துட்டு ஒரு மாதிரிப் பேசுனா, ஐயா சொன்னத நீ சொல்லணும். நான் சொன்னா மீன்காரன் அப்படித்தான் சொல்லுவான்னு சொல்லுவாங்க. நீ சொன்னா நம்புவாங்க. நீதான் பேசவே மாட்டியே."

அண்ணி உள்ளே இருந்து, "நல்ல ஆளப் புடிச்சீங்க சாட்சிக்கு" என்றார்.

மூவரும் சிரித்தோம். நான் சரி என்று தலையாட்டினேன்.

பெரட்டு

காலையில் மலைக்குப் போகும் முன் தொழிலாளிகள் எல்லாரையும் ஒரு இடத்தில் நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலை பிரிப்பார்கள். அதற்குப் பெரட்டு என்று பேர். பிள்ளைக்காம்பரா ஆளுக்குப் பெரட்டில் வேலை இல்லை. ஆனால் சில நாள் கழித்து, பேர் கூப்பிடும் கணக்கப்பிள்ளை ஆள் அனுப்பி என்னையும் வரச் சொன்னார்.

போனேன். பெண்கள் கூடையோடு நின்றார்கள். காலுக்குக் கீழே செம்மண் சேறு. முன்னால் தோட்ட நிர்வாகத்தின் சின்னத் துரை. அவர் பக்கத்தில் கணக்கப்பிள்ளை. ஒரு அடி தள்ளி மருந்தையா.

கணக்கப்பிள்ளையின் கையில் என் ஜாம் போத்தல் இருந்தது.

லெச்சுமி டவுனுக்கு அனுப்பிய கடிதத்துக்குக் கடைசியில் பலன் வந்திருந்தது. பிள்ளைகளுக்கு ஏன் இப்படி வயிற்று நோய் என்று அதிகாரி ஆபீசைக் கேட்டு எழுதியிருந்தாராம். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அப்போது தெரிந்ததெல்லாம், என் போத்தல் எல்லார் தலைக்கு மேலாக உயர்ந்ததுதான்.

"எல்லாரும் நல்லாப் பாத்துக்கங்க. இதுதான் உங்க புள்ளைங்க வயித்துல இருக்கிறது. எங்கேருந்து வந்துச்சு? டேம் மீன்லேருந்து. தண்ணி தண்ணின்னு சும்மா சத்தம் போட்டீங்களே, இப்பப் பாருங்க. யாரு கண்டுபுடிச்சது? நம்ம பிள்ளைக்காம்பரா பாக்கியம்!"

சின்னத் துரை என்னைப் பார்த்து, "ஹொந்தாய், ஹொந்தாய்" என்று சிங்களத்தில் மெச்சிச் சிரித்துவிட்டுக் கை தட்டினார். துரை தட்டியதும் ஆட்களும் தட்டினார்கள்.

என் வாழ்க்கையில் எனக்காகக் கை தட்டியது அன்று ஒரு நாள்தான்.

லெச்சுமி தட்டவில்லை. கூடைக் கயிற்றைத் தலையில் சரிசெய்துகொண்டு முன்னால் வந்தாள்.

"இந்தாங்க, எங்க வீட்டுல நாங்க சைவம். மீன் சட்டியே கெடையாது. எம் புள்ளைக்கு எப்படிங்க பூச்சி வந்துச்சு?"

"பக்கத்து வீட்டுச் சட்டிய நக்கியிருக்கும்" என்றார் கணக்கப்பிள்ளை. பலர் சிரித்தார்கள்.

அண்ணன் பெரட்டுக்கு வர வேண்டிய ஆள் இல்லை. சத்தம் கேட்டுக் கீழேயிருந்து ஏறி வந்திருந்தார். இடுப்பு வரை ஈரம். கையில் உரப்பை. பைக்குள் மீன் இன்னும் துடித்துக்கொண்டிருந்தது.

"கணக்கப்புள்ள ஐயா, ஒரு நிமிசம். எந் தங்கச்சிதானே கொண்டு போனா? அவளே சொல்லட்டும்." என் பக்கம் திரும்பினார். "பாக்கியம், மருந்தையா உங்கிட்ட என்னா சொன்னாரு? சொல்லு புள்ள."

சத்தம் அடங்கியது. மருந்தையா கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

நூறு பேர் என்னைப் பார்த்தார்கள். இரண்டு வரி. நெஞ்சையும் குடலையும் எடுத்துவிட்டு நன்றாகக் கொதிக்க வைத்தால் ஒன்றும் செய்யாது. அது வேறு, இது வேறு. மனதுக்குள் வரிசையாக இருந்தது. இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. என் செருப்பு வாரில் ஒரு தேயிலைத் தளிர் ஒட்டியிருந்தது. அதைப் பார்த்தேன்.

"சொல்லு பாக்கியம்" என்றார் அண்ணி, கூட்டத்துக்குள்ளிருந்து.

"தெரியலீங்க" என்றேன்.

எப்படியோ அது மட்டும் எல்லாருக்கும் கேட்கும்படி வந்தது.

கீழ்ப் பாதை

அந்த வாரமே டேமுக்கு இறங்கும் பாதைக்குக் கம்பி வேலி அடித்தார்கள். பாதை தோட்டத்துத் தேயிலைக்குள்ளால் போகிறதல்லவா. டேம் மீன் சாப்பிட வேண்டாம் என்று பலகையில் எழுதிப் பிள்ளைக்காம்பராச் சுவரில் மாட்டினார்கள். அதற்கு ஆணி பிடித்துக் கொடுத்தது நான். பிள்ளைகள் எல்லாருக்கும் ஒரே நாளில் பூச்சி மருந்து கொடுத்தார்கள். நோய்க்குக் காரணம் கண்டுபிடித்து நிறுத்திவிட்டோம் என்று டவுனுக்குப் பதில் போனது. கக்கூஸ் குழி அப்படியே கிடந்தது.

அண்ணன் சுற்று வழியாக ரோட்டில் நடந்துபோய்க் கொஞ்ச நாள் வலை போட்டார். கொண்டுவந்த மீனை யாரும் வாங்கவில்லை. அவர் ரோட்டில் போனால், "வேலண்ணே, மீன் வாங்குனா உள்ள இருக்கிற நூடில்ஸ் இனாமா?" என்று கேட்பார்கள். அவரிடம் மீன் வாங்கித் தின்று அந்தக் கஷ்ட காலத்தைக் கடந்தவர்கள்தான் கேட்டார்கள். கொஞ்சம் கொஞ்சமாகப் பேரே புழு வேலு என்று ஆனது.

அண்ணி என்னிடம் எதுவும் கேட்கவில்லை. இரண்டு காம்பராவுக்கும் நடுச்சுவர் பாதிதான். ஒரு வீட்டுக் கறிச்சட்டி மற்ற வீட்டுக்கு அந்தச் சுவர் வழியாகத்தான் போகும். அது நின்றது. ஒரு நாள் நான் சட்டியை நீட்டியபோது, "வேணாம். அதுல என்னா இருக்குன்னு கேட்டா உனக்குத் தெரியாதே" என்றார். அதற்குப் பிறகு நான் நீட்டவில்லை.

அண்ணன் கொழும்புக்குப் போக முடிவு செய்தார். அங்கே ஒரு சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவும் வேலை. மடங்காத விரல் அதற்குப் போதும். போகும் முன் பிள்ளைக்காம்பராவுக்கு வந்தார். காற்று இறக்கிய டியூப்பைச் சுருட்டித் தோளில் போட்டிருந்தார்.

"இத வெட்டி, புள்ளைங்களுக்கு ஊஞ்சல் கட்டிக் குடு."

"அண்ணே…"

"ஒரு வார்த்ததானே புள்ள" என்றார். கோபமாகச் சொன்னால் நன்றாக இருந்திருக்கும். அவர் கோபமாகச் சொல்லவில்லை. "நீ பேசாம நின்னிருந்தாக் கூட, பாவம், பயந்துட்டான்னு சொல்லியிருப்பேன். தெரியலன்னு சொன்னியே."

நான் மூக்கு ஒழுகிய ஒரு பிள்ளைக்கு மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைத்துக்கொண்டே இருந்தேன்.

தெளிந்த தண்ணீர்

ஒரு வருடத்துக்கு மேல் போனது. மீன் வாசனையே இல்லாத லயத்தில் பிள்ளைகளின் வயிறு மறுபடி பானையானது. தாய்மார் மறுபடி போத்தலோடு ஜன்னலில் நின்றார்கள். மருந்தையா ஓய்வு பெற்றுத் தன் ஊருக்குப் போய்விட்டார். புதிதாக வந்தவரும் பூச்சியைக் கொண்டுவரத்தான் சொன்னார்.

அண்மையில் டவுனிலிருந்து இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். ஆபீசில் கூட்டம். பிள்ளைக்காம்பரா ஆள் என்பதால் என்னையும் கூப்பிட்டார்கள். கதவோரமாக நின்றேன்.

கணக்கப்பிள்ளை அலுமாரியைத் திறந்து என் போத்தலை எடுத்து மேசையில் வைத்தார். லேபல் பாதி உரிந்திருந்தது. புழு வெளுத்துப்போய்ச் சுருண்டு கிடந்தது. "நாங்க அப்பவே கண்டுபுடிச்சு நிப்பாட்டிட்டோம் சார். இன்னும் களவாத் திங்கிறாங்க போல" என்றார்.

ஒரு அதிகாரி தமிழர், இளம் ஆள். குனிந்து எழுதத் தொடங்கினார்.

"அது எம் போத்தலுங்க" என்றேன்.

அறை முழுவதும் திரும்பியது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன். பிடித்தபடியே சொன்னேன். "அது மீன் புழுங்க. புள்ளைங்க வயித்துல உள்ளது இல்லீங்க. அது வேற, இது வேறன்னு மருந்தையா அன்னிக்கே சொன்னாருங்க. நல்லாக் கொதிக்க வச்சா மீனு ஒண்ணும் பண்ணாதுன்னு சொன்னாருங்க."

கணக்கப்பிள்ளை சிரித்தார். "சார், இதே பொம்பள நூறு பேருக்கு முன்னால தெரியலன்னு சொன்னவ. கேட்டுப் பாருங்க. இப்பத் தெரியுதாம்."

"அப்படிச் சொன்னீங்களா அம்மா?" என்று அதிகாரி கேட்டார்.

"சொன்னேங்க."

அவர் நல்ல மனிதர்தான். பேனாவை வைத்துவிட்டு, "சரி, உங்களுக்கு எதனாலன்னு தோணுது?" என்றார்.

எனக்கு மறுபடியும் வார்த்தை போனது. மேட்டு லயம், குழி, மழை, தொட்டி என்று எதை முதலில் சொல்வது? பழைய பழக்கம்தான் கைகொடுத்தது. வெளியே ஓடினேன். பிள்ளைக்காம்பராவிலிருந்து இன்னொரு ஜாம் போத்தலை எடுத்து, குழாயில் தண்ணீர் பிடித்து, கொண்டுவந்து மேசையில் வைத்தேன்.

அதிகாரி அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். மழை விட்டு நான்கு நாள் ஆகியிருந்தது. தண்ணீர் கண்ணாடி போல இருந்தது.

"நல்லாத் தெளிவாத்தானே இருக்கு அம்மா?"

இரண்டு போத்தலும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒன்றில் புழு. மற்றதில் ஒன்றுமே இல்லை. யாரைக் கேட்டாலும் எதைக் காட்டுவார்கள் என்று எனக்கே தெரிந்தது.

அதிகாரி, தண்ணீரைச் சோதிக்க அனுப்பலாம் என்று ஒரு வரி எழுதிக்கொண்டார். போத்தலை எடுத்துப் போகவில்லை. மேசையில் விட்டுவிட்டுப் போனார்.

அன்று மாலை அண்ணனுக்குப் போன் எடுத்தேன்.

"சொல்லிட்டேண்ணே" என்றேன். நடந்ததைச் சொன்னேன்.

பின்னால் பாத்திரச் சத்தம் கேட்டது.

"யாரு யாரு இருந்தாங்க?"

"ஆபீசு ஆளுங்க. டவுன்லேருந்து ரெண்டு பேரு."

"நம்ம ஆளுங்க?"

"யாரும் இல்லண்ணே."

"ம்" என்றார். "இங்க கடல் மீனு. பெட்டி பெட்டியா வருது. நாந்தான் வகுந்து குடுக்கிறேன். ஒவ்வொண்ணையும் நெஞ்சுப் பக்கம் பாத்துட்டுத்தான் குடுக்கிறேன். கூட உள்ளவங்க சிரிக்கிறாங்க." பிறகு, "வேல இருக்கு புள்ள. வைக்கிறேன்" என்றார்.

நம்ம ஆளுங்க என்று அவர் கேட்டது காதிலேயே இருக்கிறது. அவருக்குப் புழு வேலு என்று பேர் வைத்தது ஆபீஸ் இல்லை. ஆகவே அன்று பெரட்டில் சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

அந்தப் புழு மீனுடையது. நெஞ்சுப் பக்கத்தையும் குடலையும் எடுத்து எறிந்துவிட்டு, நன்றாகக் கழுவி, நன்றாகக் கொதிக்க வைத்தால் அது ஒன்றும் செய்யாது. பிள்ளைகளுக்கு வருவது வேறு, அது மண்ணிலும் தண்ணீரிலும் வருவது. மருந்தையா என்னிடம் சொன்னது இவ்வளவுதான். அன்று எனக்கு இது தெரியும். தெரியவில்லை என்று நான் சொன்னது பொய். என் அண்ணன் வேலு யாருக்கும் கெட்ட மீன் கொடுக்கவில்லை.

இந்தப் பத்திரிகை எங்கள் தோட்டத்துக் கடைக்கு நான்கைந்து வரும். ஒன்றைக் கம்பியில் தொங்க விடுவார்கள். இரண்டு மூன்று நாள் தொங்கும். அதற்குப் பிறகு அதில் கருவாடு சுற்றிக் கொடுப்பார்கள்.

அதற்குள் யாராவது எடுத்து, நாலு பேருக்குக் கேட்கும்படி சத்தமாகப் படியுங்கள்.